சான்றிதழ் கிணற்றை மூடுமா?

பெரிய தொழில் விபத்து எது நடந்தாலும் விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: பணியாளர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். யாருக்கும் வலிக்காத வரி. கம்பெனிக்குச் செலவு குறைவு, அரசுக்கு வேலை குறைவு, செத்துப்போனவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. என்னுடைய சண்டை அந்த வரியோடுதான். குறிப்பாக, எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலில் மேற்பார்வையாளர்களுக்குக் கொடுக்கப்படும் 'வெல் கன்ட்ரோல்' சான்றிதழோடு.

நான் மென்பொருள்காரன். ரிக்கில் கால் வைத்தவன் இல்லை. என்னோடு படித்த மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் வளைகுடாவில் ரிக் வேலையில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவன் இந்தத் தேர்வை எழுதியாக வேண்டும். "அஞ்சு நாள் கிளாஸு, பேப்பர், சிமுலேட்டர். பாஸாயிட்டா ரெண்டு வருஷத்துக்கு யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கடா" என்றான் ஒருமுறை. சும்மா சொன்னதுதான். ஆனால் அந்த 'யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க' மனதில் மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம் கிணற்று விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அது எண்ணெய்க்காரர்களின் கதையாக மட்டும் தெரியவில்லை.

*

முதலில் இந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பல ஆயிரம் அடி ஆழத்தில், பாறையின் நுண்துளைகளுக்குள் எண்ணெயும் எரிவாயுவும் கடுமையான அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. துளை போட்டால் மேலே பாயத்தான் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது துளைக்குள் நிற்கும் கனமான சேறு. ரிக் பாஷையில் 'மட்'. ஒரு கேலனுக்கு 10 பவுண்டு எடையுள்ள மட், 10,000 அடி ஆழம். இரண்டையும் பெருக்கி, 0.052-ஆல் மறுபடி பெருக்கினால், அடியில் சதுர அங்குலத்துக்கு 5,200 பவுண்டு அழுத்தம், அதாவது 5,200 பி.எஸ்.ஐ. பாறையின் அழுத்தம் இதைவிட அதிகமானால் வாயுவோ எண்ணெயோ துளைக்குள் நுழையும். அதற்குப் பெயர் 'கிக்'. கவனிக்காமல் விட்டால் அது வளர்ந்து 'புளோஅவுட்' ஆகும். அப்புறம் தீ.

எனவே தேர்வில் கேட்கிறார்கள்: கிக்கின் அறிகுறிகள் என்னென்ன? பி.ஓ.பி. எனப்படும் ராட்சச வால்வுத் தொகுப்பை எந்த வரிசையில் மூடுவாய்? மூடிய பின் இரண்டு மானிகளிலும் தெரியும் அழுத்தத்தை வைத்து, உள்ளே இறக்க வேண்டிய புது மட்டின் எடையை எப்படிக் கணக்கிடுவாய்? 'கில் ஷீட்' என்ற கணக்குத் தாளை நிரப்ப வேண்டும். சிமுலேட்டரில் உட்கார்ந்து கிணற்றை அடக்கிக் காட்ட வேண்டும். ஐ.டபிள்யூ.சி.எஃப். என்ற சர்வதேச அமைப்பின் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. டிரில்லருக்கு ஒரு நிலை, மேற்பார்வையாளருக்கு அதற்கு மேல் ஒரு நிலை. சான்றிதழுக்கு ஆயுள் இரண்டு வருஷம்.

இதில் எதையும் நான் கேலி செய்யவில்லை. 0.052 தெரியாத ஒருவரை நம்பி நூறு பேர் ஒரு ரிக்கில் தூங்க முடியாது. ஆனால் தேர்வு அறைக்குள் நுழைகிறவருக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது: இன்றைக்குக் கிணறு பொங்கும். வினாத்தாளே அதைச் சொல்லிவிடுகிறது. சிமுலேட்டரில் உட்கார வைப்பதே அதற்குத்தான். எப்போது பொங்கும், எப்படி அடக்குவது என்பது மட்டும்தான் மீதி.

ரிக்கில் அப்படி யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை.

*

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக். கிணற்றின் பெயர் மகோண்டோ. கிணறு பி.பி. நிறுவனத்துடையது, ரிக் டிரான்ஸோஷன் நிறுவனத்துடையது. கடலின் ஆழமே சுமார் 5,000 அடி. கடல்மட்டத்திலிருந்து கிணற்றின் அடிவரை 18,360 அடி. ரிக்கின் வாடகை மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 5 லட்சம் டாலர். திட்டமிட்டதைவிட ஆறு வாரம் தாமதம். அடியில் சிமெண்ட் போட்டாயிற்று. கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

கிளம்பும் முன் ஒரு சோதனை உண்டு. கனமான மட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு லேசான கடல்நீரை நிரப்பி, வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைத்து, கிணறு சும்மா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிமெண்ட் பிடித்திருந்தால் உள்ளேயிருந்து எதுவும் வராது, மானியில் அழுத்தம் பூஜ்யத்தில் நிற்கும். 'நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட்' என்று பெயர்.

டிரில் பைப்பில் அழுத்தத்தை இறக்கினார்கள், ஏறியது. மறுபடி இறக்கினார்கள், மறுபடி ஏறியது. கடைசியில் 1,400 பி.எஸ்.ஐ.யில் நின்றது. அப்புறம் அதே சோதனையை 'கில் லைன்' என்ற இன்னொரு குழாயில் செய்து பார்த்தார்கள். அங்கே அரைமணி நேரம் எதுவும் வரவில்லை. பூஜ்யம்.

இரண்டு குழாய்களும் கீழே ஒரே வெளியில்தான் திறக்கின்றன. ஒரே இளநீரில் போட்ட இரண்டு ஸ்டிராக்களைப் போல. ஒன்றில் 1,400, இன்னொன்றில் 0 என்றால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்கும்வரை வேலை நின்றிருக்க வேண்டும். அங்கே அது நிற்கவில்லை. 'பிளாடர் எஃபெக்ட்' என்று ஒரு விளக்கம் அந்த அறையில் சொல்லப்பட்டதாகச் சாட்சியங்கள் சொல்கின்றன: மேலே இருக்கும் கனமான மட் ஒரு ரப்பர் பையை அழுத்துவதுபோல் அழுத்துவதால்தான் 1,400 காட்டுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. பின்னால் விசாரித்த நிபுணர்கள் இந்த விளக்கத்தை ஏற்கவேயில்லை. அன்றைக்கு அது எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. இரவு 8 மணிவாக்கில் சோதனை 'பாஸ்'.

ஒரு மணி நேரத்துக்குள் கிணறு பொங்க ஆரம்பித்துவிட்டது. மானிகளில் அதன் தடயங்கள் பதிவாகியிருக்கின்றன. மட் ரிக்கின் தளத்தில் கொட்டும்வரை யாருக்கும் அது புலப்படவில்லை. 9.49-க்கு வெடிப்பு. 11 பேர் இறந்தார்கள். கிணற்றின் வாயை அடைக்க 87 நாட்கள் ஆயின.

அந்த அறையில் இருந்தவர்கள் பயிற்சி என்றாலே என்னவென்று தெரியாதவர்கள் அல்ல. அமெரிக்கச் சட்டப்படி கடல் கிணறுகளில் வேலை செய்பவர்களுக்கு வெல் கன்ட்ரோல் பயிற்சி கட்டாயம். அனுபவம் பல பத்தாண்டுகள். அவர்களுக்குக் கிக்கை அடக்கத் தெரியும். கிக் வரும் என்று நம்பத்தான் முடியவில்லை. கிணறு முடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்ட மனத்துக்கு, முடியவில்லை என்று சொல்லும் எண் ஒரு தொந்தரவு. அந்தத் தொந்தரவுக்கு ஒரு விளக்கம் கிடைத்தால் மனம் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த ரிக்குக்கு இரண்டு கம்பெனிகளின் உயரதிகாரிகளும் வந்திருந்தார்கள். ஏழு வருஷமாக ஒருவர்கூட விபத்தில் அடிபட்டு வேலைநாளை இழக்கவில்லை என்ற பாதுகாப்புச் சாதனையைப் பாராட்டுவதும் வந்த காரணங்களில் ஒன்று. சோதனை குழப்பத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அறையையும் அவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். இரவு, கிணறு கீழே பொங்கிக்கொண்டிருந்தபோது, அவர்கள் ரிக்கின் பிரிட்ஜில் புயலில் ரிக்கை நிலைநிறுத்தும் சிமுலேட்டரை ஆளுக்கொரு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் 'ரொம்ப செயற்கையா இருக்கு' என்று எடிட்டர் வெட்டியிருப்பார். அமெரிக்க அதிபர் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கையில் இருக்கிறது.

*

எங்கள் துறையில் 'ஃப்ளேக்கி டெஸ்ட்' என்று ஒன்று உண்டு. ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு. சிவப்பு வந்தால் டீமில் யாராவது சொல்வார்கள்: "அது அப்படித்தான், ரீரன் குடு." மறுபடி ஓட்டினால் பச்சை. ரிலீஸ் போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிளையன்ட் காத்திருக்கிறார், மேனேஜர் பின்னால் வந்து நிற்கிறார் என்றால் அந்த 'ரீரன்' இன்னும் சீக்கிரம் நடக்கும். டிரில் பைப்பில் சிவப்பு, கில் லைனில் பச்சை. பச்சையை வைத்துக்கொண்டார்கள்.

சான்றிதழ் விஷயமும் எங்களுக்குப் புதிதில்லை. கிளவுட் சான்றிதழ்களை அடுக்கி லிங்க்ட்இன்னில் மாட்டிவைப்பவர்களைத் தெரியும். அதற்கு 'டம்ப்' எங்கே கிடைக்கும் என்றும் தெரியும். சர்வர் விழுந்த ராத்திரியில் அந்தச் சான்றிதழ்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'நேத்தே இந்த கிராஃப் ஒரு மாதிரி இருந்துச்சே, ஏன் யாரும் சொல்லல?' என்றுதான் கேட்போம். ஆனால் எங்கள் சர்வர் விழுந்தால் பெரும்பாலும் யாரும் எரிந்து சாவதில்லை. அந்த வித்தியாசம் பெரிது.

*

மகோண்டோவில் எனக்கு மிக அதிகக் கோபம் தருவது வேறொரு விஷயம். நான்கு மாதங்களுக்கு முன், 2009 டிசம்பர் 23 அன்று, அதே டிரான்ஸோஷனின் இன்னொரு ரிக்கில், வட கடலில், ஏறத்தாழ இதே சம்பவம் நடந்தது. கிணறு பத்திரமாக அடைபட்டுவிட்டது என்று சோதனை சொன்னது, மட்டை எடுத்துக் கடல்நீரை நிரப்பினார்கள், கிணறு பொங்கியது. நல்லவேளை, மூடிவிட்டார்கள். கம்பெனி பத்துப் பக்கத்துக்கு ஒரு பவர்பாயின்ட் தயாரித்தது. சோதனையில் பாஸான பின்னும் அசட்டையாக இருக்காதீர்கள் என்பதுதான் அந்தப் படிப்பினை. ஆனால் டீப்வாட்டர் ஹொரைசனில் இருந்தவர்களுக்கு அது போய்ச்சேரவேயில்லை என்கிறது விசாரணைக் குழு.

நெகட்டிவ் டெஸ்டை எப்படிச் செய்வது, முடிவை எப்படிப் படிப்பது என்பதற்கு அரசு விதியும் இல்லை, தொழில்துறைத் தரமும் இல்லை, இரண்டு கம்பெனிகளிலும் எழுதிவைத்த நடைமுறையும் இல்லை, பயிற்சியும் இல்லை என்றும் அதே குழு சொன்னது. கிணற்றின் உயிர்நாடியான சோதனைக்கு வழிமுறை இல்லை. பொங்கிய பிறகு அடக்குவதற்குத்தான் பயிற்சிச்சாலை, சிமுலேட்டர் எல்லாம்.

குற்ற வழக்கு யார் மீது? ரிக்கில் இருந்த பி.பி.யின் இரண்டு மேற்பார்வையாளர்கள் மீது. ரிக் பாஷையில் 'கம்பெனி மேன்'. 11 பேரின் சாவுக்குப் பொறுப்பு என்று 2012-இல் குற்றம் சாட்டினார்கள். 2015 முடிவதற்குள் அந்தக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. ஒருவர் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு போனார், இன்னொருவரை 2016-இல் ஜூரி விடுவித்தது. பி.பி. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 400 கோடி டாலர் கட்டியது. மேலே உட்கார்ந்து நாட்களையும் டாலர்களையும் எண்ணிக்கொண்டிருந்த தனிமனிதர் யாரும் அந்தச் சாவுகளுக்காகக் கூண்டில் ஏறவில்லை.

இதைச் செய்ய உதவுவதுதான் சான்றிதழின் இரண்டாவது வேலை. எங்கும் எழுதப்படாத வேலை. 'அவருக்குப் பயிற்சி கொடுத்தோம், இதோ சான்றிதழ், செல்லுபடியாகும் தேதி பாருங்கள். அதையும் மீறித் தப்பு செய்தார் என்றால் அது மனிதப் பிழை.' சான்றிதழ் கிணற்றைக் காப்பாற்றாத நாளிலும் கம்பெனியைக் காப்பாற்றும்.

*

'அப்புறம் எல்லாம் மாறிடுச்சு சார்' என்று ஒரு குரல் வரும். நியாயமான குரல்தான். 2012-இல் சர்வதேச எண்ணெய் உற்பத்தியாளர் சங்கம் புதிய பரிந்துரைகளை வெளியிட்டது. பதவிக்கேற்ற நிலைகள், காட்சிச் சூழல்களை வைத்த பயிற்சி, கிணற்றைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கும் பயிற்சி. 2014-இல் விமானத்துறையிலிருந்து 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்ற கருத்தையும் கடன் வாங்கியது. குழுவாக எப்படிக் கவனிப்பது, எப்படிச் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வது, மேலதிகாரியை எப்படி மறுப்பது என்ற பயிற்சி.

கடன் வாங்கியது சரியான இடத்திலிருந்துதான். 1977-இல் டெனரீஃப் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வராமல் விமானத்தைக் கிளப்பிய கே.எல்.எம். கேப்டன் அரைகுறை ஆள் இல்லை. அந்தக் கம்பெனியின் தலைமைப் பயிற்சியாளர்களில் ஒருவர், சிமுலேட்டரில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவர் கைவசம் இல்லாத சான்றிதழ் எது? 'அந்த விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ?' என்று காக்பிட்டில் இருந்த பொறியாளர் சந்தேகம் கேட்டார். 'போய்விட்டது' என்று அழுத்தமாகப் பதில் வந்தது. பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. விமானத்துறை அதிலிருந்து கற்றுக்கொண்டது, பேசாமல் போன அந்த மௌனத்தைத்தான் பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்று. இன்று காக்பிட்டில் குழுவாகத்தான் சோதிக்கிறார்கள்.

எண்ணெய்த்துறை கருத்தைக் கடன் வாங்கியது, அதிகார அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டது. காக்பிட்டில் முடிவெடுப்பவர்கள் எல்லோரும் ஒரே விமானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிணற்றில் அப்படி இல்லை. பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுகிறவர், 'ஏன் லேட்?' என்று போன் செய்கிறவர், ரிக்கை அடுத்த இடத்துக்கு அனுப்பத் தேதி குறிக்கிறவர் எல்லோரும் கரையில், ஏசி அறையில். 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை ரிக்கில் எல்லோருக்கும் உண்டு என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒப்பந்தக் கம்பெனியின் சம்பளத்தில் இருப்பவன் அந்த உரிமையை எந்தத் தைரியத்தில் எடுப்பான்? ஐந்து நாள் வகுப்பில் தைரியம் சொல்லித்தர முடியாது. நிறுத்தியவனுக்கு அடுத்த மாதம் என்ன ஆனது என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அதுதான் நிஜமான பயிற்சி வகுப்பு.

*

'அமெரிக்கா கதை நமக்கெதுக்கு' என்பவர்களுக்கு அஸ்ஸாம் இருக்கிறது. 2020 மே 27, தின்சுகியா மாவட்டம், பாக்ஜான். ஆயில் இந்தியா நிறுவனத்தின் 5-ஆம் எண் கிணறு. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது வெடித்துக் கிளம்பியது. ஜூன் 9 தீப்பிடித்தது. நிறுவனத்தின் தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். பக்கத்திலேயே திப்ரு-சைக்கோவா தேசியப் பூங்கா, மகுரி-மோதாபுங் சதுப்புநிலம். கிணற்றை முழுதாக அடக்க நவம்பர் ஆகிவிட்டது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நியமித்த குழு என்ன சொன்னது? இன்னொரு தடுப்பு நம்பகமாக இருக்கிறதா என்று சோதித்து உறுதிசெய்யாமலேயே பி.ஓ.பி.யைக் கழற்றியிருக்கிறார்கள், அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்ற புரிதல் இல்லை, சரியான மேற்பார்வை இல்லை. கடல், தேசம், கம்பெனி எல்லாம் வேறு. சிமெண்ட் பிடித்திருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் அதேதான்.

நம் நாட்டில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. வெல் கன்ட்ரோலுக்கென்றே எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் தரநிலை இருக்கிறது. 2017-இல் புதுப்பிக்கப்பட்ட எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறை இருக்கிறது. டேராடூனில் ஓ.என்.ஜி.சி.யின் பயிற்சி நிலையம் இருக்கிறது. பாக்ஜானில் வயலையும் மாட்டையும் விட்டு ஓடியவருக்கு இதில் எது உதவியது?

காவிரிப் படுகைக்கும் இந்தக் கேள்வி உண்டு. திருவாரூர், நாகை வயல்களுக்கு நடுவே ஓ.என்.ஜி.சி. கிணறுகள் இருக்கின்றன. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது, ஏற்கெனவே இருப்பவற்றைத் தொடவில்லை. பழைய கிணறுகளில்தான் பழுதுபார்க்கும் வேலை நடக்கும். பாக்ஜானில் நடந்துகொண்டிருந்ததும் அந்த வகை வேலைதான். தன் வயலுக்குப் பக்கத்தில் பி.ஓ.பி.யைக் கழற்றுவதற்கு முன் எந்தச் சோதனை செய்தார்கள், முடிவு என்ன, யார் கையெழுத்துப் போட்டது என்று அந்த விவசாயி கேட்டால் காட்ட வேண்டும். 'தகுதிவாய்ந்த பணியாளர்கள் இருக்கிறார்கள்' என்பது அதற்குப் பதில் ஆகாது.

*

சான்றிதழைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, கிணறு பொங்காத தேர்வு வேண்டும். சில நாள் எதுவுமே நடக்கக் கூடாது. சில நாள் இரண்டு மானிகள் இரண்டு விதமாகக் காட்ட வேண்டும், அனுபவசாலி ஒருவர் அழகான விளக்கம் சொல்ல வேண்டும், கரையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்க வேண்டும். 'எனக்குப் புரியவில்லை, நிறுத்துகிறேன்' என்று சொன்னவருக்கு மட்டும் மதிப்பெண்.

இரண்டு, அந்தப் போனின் மறுமுனையில் இருப்பவரும் அதே தேர்வை அதே அறையில் எழுத வேண்டும். நாட்கணக்கும் செலவுக் கணக்கும் கேட்கிற எவரும். கில் ஷீட் போடத் தெரியாவிட்டால் பரவாயில்லை. 'நிறுத்துகிறேன்' என்று ரிக்கிலிருந்து சொன்னால் என்ன பதில் சொல்கிறார் என்று பார்ப்போம்.

மூன்று, மயிரிழையில் தப்பிய சம்பவம் ஒவ்வொன்றும் பொதுவில் வர வேண்டும். அந்தப் பத்துப் பக்கப் பவர்பாயின்ட் யாரோ ஒருவருடைய ஃபோல்டரில் தூங்கியதுபோல இனி ஒன்று தூங்கக் கூடாது. அது வணிக ரகசியம் என்று எந்தக் கம்பெனியும் சொல்லக் கூடாது.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது, செலவு ஜாஸ்தி என்பார்கள். 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியதற்கும், பாக்ஜானில் மாதக்கணக்கில் தீ எரிந்ததற்கும் ஆன செலவை எந்தக் கில் ஷீட்டில் எழுதுவது என்று அவர்களே சொல்லட்டும்.

அதுவரை நான் வினாத்தாளில் பார்க்க விரும்பும் கேள்வி ஒன்றுதான். டிரில் பைப்பில் 1,400. கில் லைனில் 0. திட்டம் ஆறு வாரம் தாமதம். பெரியவர்கள் பாராட்ட வந்திருக்கிறார்கள். கூட இருப்பவர் 'இது சகஜம்தான்' என்கிறார். இப்போது கரையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள், ரிக்கில் இருப்பவருக்குப் போன் செய்து என்ன சொல்வீர்கள்?